அரக்கு நூல்

செத்துப்போன சவரிமுத்து கம்பெனிக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி நாலு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய். எரிந்துபோன காற்று பம்பின் விலையில், அவன் சாவுக்காக வீட்டுக்கு வரவேண்டிய பணத்தைக் கழித்ததுபோக நின்ற தொகை அது. காற்று விடும் கணினி நிரலில் பம்பை எரியவிட்ட மாற்றம் அவன் பெயரில் இருக்கிறது, மாற்றியவன்தான் பொறுப்பு என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவன் மனைவி பிலோமினாளுக்குக் கரையில் வடிகட்டி கழுவுகிற வேலையைக் கொடுத்து, மாதம் நாலாயிரம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

எட்டாவது மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டு இருளாயியிடம் வந்தாள்.

"எக்கா, இப்ப எவ்வளவு நிக்குதுன்னு படிச்சுச் சொல்லு."

இருளாயி சீட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினாள். நாற்பத்தாறு வயதில், போன ஆறு மாதத்தில்தான் அவளுக்கு எழுத்து வந்தது. இன்னும் ஒற்றெழுத்து வந்தால் கல் தடுக்கின மாதிரி நின்றுதான் தாண்டுவாள்.

"நாலு லட்சத்து அஞ்சாயிரத்து இருநூத்திப் பத்து."

"இன்னும் எட்டரை வருசம். அதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும். கடைசித் தவணை கட்டுற அன்னிக்கு ஆசைக்கு ஒரு சிரிப்புச் சிரிக்கக்கூட முடியாது." பிலோமினாள் சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள். "பம்பை எரிக்கிற ஆளாக்கா அவரு? அடுப்பை அமத்தினோமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பாக்குற மனுசன்."

இருளாயி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பம்பை எரியவிட்டது சவரிமுத்து இல்லை, நான்தான் என்று எட்டு மாதமாக அவள் நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது. எழுத்துப் படிக்கப் போனதே அந்தக் கல்லை யாருக்கும் தெரியாமல் ஒருமுறை புரட்டிப் பார்க்கத்தான்.

கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, நாற்பது பாகம் ஆழத் தண்ணீருக்கு அடியில் இருந்தது அந்தக் கனிம மணல் சுரங்கம். மூன்று கூடம், தொண்ணூறு பேர்; காற்று தள்ளும் பம்பும் கீழேயேதான். மேலேயிருந்து குழாயில் இறங்குகிற காற்றை எந்தக் கூடத்துக்கு எவ்வளவு, எந்நேரம் என்று பங்கு பிரிப்பது ஒரு கணினி நிரல். ஆரம்பத்தில் அதைக் கரையில் இருந்தவர்கள்தான் எழுதி அனுப்பினார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு மணல் வெட்டுகிறவனுக்கு எப்படி மூச்சு வாங்கும் என்று எப்படித் தெரியும்? மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிப் போட்டே இரண்டு வருஷம் கழிந்தது. வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில், கீழே இருப்பவர்களே நிரலை மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. இறங்கி வந்ததிலும் ஒரு குசும்பு. நிரலைப் படிக்கத் தெரிந்தவர் அந்தத் தொண்ணூறு பேரில் ஒருவரும் இல்லை; பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது.

அந்தக் குசும்பை உடைத்தவள் நஸ்ரின். கீழக்கரைப் பெண், கம்பெனியின் நிரல் எழுத்தாளர்களில் வயதில் சின்னவள். பன்னிரண்டு நாள் கீழேயே வந்து உட்கார்ந்து, யார் எதைத் தொடுகிறார்கள், எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று பார்த்தாள். பிறகு போய் ஒரு படம் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு ஆட்கள் வைத்த பெயர் நூல்படம்.

திரை நடுவே வெள்ளையாக ஓடுவது தாய்நூல். இப்போது காற்று விடுகிற நிரல் அதுதான். யாராவது ஏதாவது மாற்றிப் பார்க்க நினைத்தால் தாய்நூலைத் தொடவேண்டாம். பக்கத்தில் அவரவர் நிறத்தில் ஒரு நூல் பிரியும். செய்கிற ஒவ்வொரு மாற்றமும் அந்த நூலில் ஒரு மணி. மாற்றம் சரிவந்தால் விரலால் இழுத்துத் தாய்நூலில் கோர்த்துவிடலாம். சரிவராவிட்டால் முந்தின மணிக்குப் போய் நின்றுகொள்ளலாம். மணியைத் தொட்டால் பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்: எந்தக் குழாய் தடித்தது, எது மெலிந்தது என்று படமாகவே தெரியும். இரண்டு பேர் ஒரே குழாயை வேறு வேறு மாதிரி மாற்றியிருந்தால் படம் கோர்க்க மறுத்துவிடும். இரண்டு நூலும் சிவந்துபோய் நிற்கும். இரண்டு பேரும் வந்து பேசித் தீர்த்தால்தான் உண்டு. எதுவும் அழியாது. தப்பாகப் போட்ட மணிகூட அங்கேயே கிடக்கும், வெட்கப்படுவதற்காக இல்லை, அடுத்தவன் அதே இடத்தில் காலை வைக்காமல் இருப்பதற்காக.

அந்தப் படம் வந்த பிறகு ஒரு வருஷம் ஒருத்தரும் மயங்கவில்லை. இருபது வருஷம் கல்லும் மண்ணும் சுமந்தவள் இருளாயி. 'உனக்கு என்ன தோணுது' என்று அவளை வேலையிடத்தில் யாரும் கேட்டதில்லை. இந்தப் படம்தான் முதலில் கேட்டது. அதனால் அதன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை. திரையைத் தொடுமுன் விரலைச் சேலையில் துடைத்துக்கொள்வாள்.

ஆனால் மரியாதை இருக்கிற இடத்தில் கொஞ்சம் சோம்பலும் இருந்தது. ஆளுக்கொரு அடையாள வில்லை உண்டு. அதைத் திரையில் தொட்டால் அவரவர் நிறம் ஏறும். கீழே இறங்குகிறவனுக்குக் கனத்த கையுறை. அதைக் கழற்றி, வில்லையை எடுத்து, திரும்ப மாட்டுவதற்குள் கால் மணி போய்விடும். ஆகவே எல்லார் வில்லையும் நுழைவு மேடைத் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். "இருளாயி, எனக்கும் ஒண்ணு இழுத்து விடு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். விரல் வேகம் அவளுக்குத்தான். கைக்கு எந்த வில்லை அகப்படுகிறதோ அதைத் தொட்டு இழுப்பாள். யார் பேரில் விழுந்தால் என்ன, காற்று எல்லாருக்கும்தானே.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குக் கைக்கு வந்தது சவரிமுத்துவின் வில்லை, அரக்கு நிறம். இரண்டாம் கூடத்தில் தலைவலிக்கிறது என்று யாரோ சொன்னதற்காக ஒரு விசிறியைக் கொஞ்சம் மாற்றினாள். கோர்த்தாளா, கோர்க்காமல் விட்டாளா என்று நினைவில்லை. அதற்குள் கணக்கு அதிகாரி கோதண்டபாணி சாமான் எண்ண வந்துவிட்டார். அவருக்கு வழிகாட்ட இவளை அனுப்பினார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு மேலே ஏறிய நேரம், இரண்டாம் கூடத்தில் இவளும் அவரும் மட்டும். மூச்சு முட்டியது. அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது இரும்புப் படிக்கட்டில் கிடந்தாள். பக்கத்தில் கோதண்டபாணி வாய் பிளந்து கிடந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. அவரை இறக்கிப் போட்டுவிட்டு, முகமெல்லாம் கரியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான் சவரிமுத்து. இரண்டு பேரைத் தூக்கினவன் பம்புப் புகையை நெஞ்சு நிறையக் குடித்திருந்தான். பேச்சே வராமல் இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான்.

கரையில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. கோதண்டபாணி தானே நடந்து வந்தாராம், இருளாயியைத் தோளில் தாங்கிக்கொண்டு. சவரிமுத்து பம்பைப் பார்க்கப் போய்ப் புகையில் மாட்டினானாம். அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது, மேலாளர் நாற்காலியும் கிடைத்தது. ஆண்டு விழாவில் இருளாயியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த நாளைத் தோண்டுவார்கள். தோண்டினால் 'காலை பத்து ஐந்து, சவரிமுத்து' என்று விசாரணைப் பட்டியலில் இருக்கிற மாற்றம் தன் விரல் போட்டது என்று வெளிவரும். அவர் பொய்க்கு இவள் மௌனமும், இவள் மௌனத்துக்கு அவர் பொய்யும் முட்டுக்கொடுத்து நின்றன. நடுவில் பிலோமினாள் மாதம் நாலாயிரம் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருளாயி நஸ்ரினின் அறைக்குப் போனாள். கீழேயுள்ள திரை ஒரு மாதத்துப் படத்தைத்தான் காட்டும். பழசெல்லாம் கரையில்.

"வாங்கக்கா. படம் ஏதும் தகராறு பண்ணுதா?"

"படம் பண்ணாது பாப்பா. நாந்தான் பண்ணிட்டேன்."

ஆணியையும் வில்லையையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். நஸ்ரின் தலையில் கை வைத்தாள்.

"எல்லா வில்லையும் ஒரே ஆணியிலயா? ஆளுக்கொரு நிறம் குடுக்க நான் ஒரு மாசம் கண்ணு முழிச்சேன்க்கா!"

"நிறம் நல்லாத்தான் இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் தொட்டுப் பாத்தோம்."

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளின் படத்தைப் பெரிய திரையில் திறந்தாள். வெள்ளை நூல், இரு பக்கமும் பச்சை, மஞ்சள், ஊதா. இருளாயி விரலைத் துடைத்துக்கொண்டு அரக்கு நூலைத் தேடிப் பிடித்தாள். அதில் இரண்டு மணி.

"ஒண்ணுதான் நான் போட்டது" என்றாள்.

முதல் மணியைத் தொட்டாள். பத்து ஐந்து. ஒரு விசிறி மட்டும் நூலளவு மெலிந்திருந்தது. அடியில் இருந்ததைப் படித்தாள்: நுழைவு மேடை, திரை. அது அவள்தான். இரண்டாவது மணி பன்னிரண்டு நாற்பத்து மூன்று. குழாய்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தடித்துக் கிடந்தன. அடியில் நீளமாக எழுத்து. நஸ்ரின் வாசிக்க வாயெடுத்தாள். இருளாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இ...ர...ண்...டாம் கூ...டம். கை...ப்...ப...லகை. கைப்பலகை." நிமிர்ந்தாள். "நூலை மாத்துற கைப்பலகை கூடத்துக்குள்ள சுவத்துல இருக்கு. நான் அப்ப மயங்கிக் கெடந்தேனே."

"நீங்க போடலக்கா. அவர் ஆணியில இருந்து தன் வில்லையை எடுத்துக்கிட்டு உள்ள வந்திருக்காரு. புதுசா நூல் பிரிக்க நேரமில்ல, தன் பேர்ல நீங்க கோர்க்காம விட்டிருந்த நூலையே எடுத்திருக்காரு. இங்க பாருங்க, எங்க கோர்த்திருக்காருன்னு."

அரக்கு நூல் வளைந்துபோய் வெள்ளை நூலில் சேர்கிற இடம். அதற்கு முன்னால், வெள்ளை நூலிலேயே, ஒரு சிவப்பு மணி.

"அந்தச் சிவப்பு யாருது?"

"பம்போடது. கோளாறு வந்தா அதுவே தனக்கு ஒரு மணி போட்டுக்கும். பன்னிரண்டு நாப்பது. மணலை முழுங்கிருச்சு. விட்டிருந்தா அது தன்னைக் காப்பாத்திக்கத் தானே நின்னுருக்கும். பம்பு பொழைச்சிருக்கும்."

"நாங்க?"

நஸ்ரின் விரலை அரக்கு மணிக்கு நகர்த்தினாள். "இவர் அந்தப் பாதுகாப்பைக் கழட்டிட்டாரு. மொத்தக் காத்தையும் உங்க கூடத்துக்குத் திருப்பிட்டாரு. எரிஞ்சது பன்னிரண்டு அம்பத்து நாலுக்கு."

இருளாயி விரல் விட்டு எண்ணினாள். பதினோரு நிமிஷம். ஒருத்தியைத் தூக்கிப் படிக்கட்டுக்கு வந்து, திரும்பிப் போய் இன்னொருவரைத் தூக்கி வர, ஒற்றை ஆளுக்கு அதுதான் ஆகும்.

"அப்ப விசாரணையில ஏன் பத்து மணின்னு சொன்னாங்க?"

"படத்தை யாருக்கா தொறந்தா? பட்டியலை அச்செடுத்து மேசையில வச்சுட்டாங்க. பட்டியல்ல நூல் பொறந்த நேரம்தான் முன்னால நிக்கும், கோர்த்த எடம் தெரியாது. பத்து மணிக்கு இவர் கைய வச்சாரு, பன்னிரண்டரைக்கு மேல பம்பு போச்சு, கணக்கு சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"பத்து மணிக்குக் கைய வச்சது நானு."

"ஆமாக்கா. அந்த நூலை நீங்க பிரிக்காம இருந்திருந்தா பட்டியலும் சரியாத்தான் சொல்லியிருக்கும்."

இருளாயி நாற்காலியில் உட்கார்ந்தாள். நெஞ்சிலிருந்த பெரிய கல் இறங்கி, வேறொரு சின்னக் கல் அதே இடத்தில் உட்கார்ந்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. எரித்தது சவரிமுத்துதான். தெரிந்தே, விலை தெரிந்தே எரித்திருக்கிறான். கடன் முன்னைவிட உறுதியாக அவன் பேரில் உட்கார்ந்துவிட்டது.

"பாப்பா, ரெண்டாவது மணிக்கு அரக்கை எடுத்துட்டு என் நிறத்த வைக்க முடியுமா? நானே கட்டிட்டுப் போறேன்."

நஸ்ரின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். கட்டினவ நான், நான் நினைச்சா முடியும். இதுவரைக்கும் நினைச்சதில்ல."

இருளாயி திரையைப் பார்த்தாள். சின்னதாக, கோதுமை அளவு மணி.

"வேணாம்" என்றாள். "செத்தவன் மடியில கைய விட்டு அந்தப் பதினோரு நிமிசத்தத் திருடுன மாதிரி ஆயிரும். அது அவன் நிறத்துலயே கெடக்கட்டும்."

திங்கட்கிழமை மேலாளர் அறையில் கோதண்டபாணி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தப் படம்: அவரும் இருளாயியும், மாலையோடு.

"வாம்மா. என்ன, லீவா?"

"இல்ல சார். ஒரு தப்பு பண்ணிட்டேன், சொல்லிட்டுப் போகலாம்னு."

ஆணிக் கதையைச் சொன்னாள். அவர் தேநீரை வைத்தார்.

"இது வெளிய தெரிஞ்சா ஒரு மாசம் வில்லையைப் புடுங்கிருவாங்க, தெரியுமா? சம்பளம் கெடையாது."

"தெரியும் சார். புடுங்கட்டும். மிச்சத்தையும் பாருங்க. நஸ்ரின் உங்க திரைக்கு அனுப்பியிருக்கு."

அவர் திறந்தார். இருளாயி மேசையைச் சுற்றிப்போய் அவர் பக்கத்தில் நின்று, அவர் திரையில் தன் விரலை வைத்துக் காட்டினாள். சிவப்பு மணி. அரக்கு மணி. கோர்த்த இடம். பம்பு எரிந்த இடம். ஒன்றும் விளக்கவில்லை, படம் தானே பேசிற்று. அவர் கணக்கு ஆள். இரண்டு நேரத்துக்கு நடுவே எவ்வளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் நடந்துதான் வந்தேன்னு நினைச்சேன்மா" என்றார். "நெசமா. முழிச்சப்ப எல்லாரும் அப்படிச் சொன்னாங்க. எனக்கும் அது நல்லாயிருந்துச்சு."

"நான் பக்கத்துல கெடந்தேன் சார். உங்க செருப்பு ஒண்ணு இல்ல."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார், இப்போதும் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

"சார், அவர் தெரிஞ்சுதான் எரிச்சாரு. ரெண்டு உசுருக்காக. அதுக்கு அவர் பொண்டாட்டி எட்டரை வருசம் வடிகட்டி கழுவணுமா? உங்க விதியில அதுக்கு ஒரு வரியும் இல்லியா?"

"ஒரு வரி இருக்கு." அவர் குரல் இறங்கியிருந்தது. "ஆபத்து நேரத்துல ஒருத்தர் தனியா கோர்த்த மாற்றத்தை, அந்தக் கூடத்துல இருந்த மேலதிகாரி ஒரு வருஷத்துக்குள்ள ஏத்துக்கிட்டா அது கம்பெனி மாற்றம். செலவும் கம்பெனியோடது. ஏத்துக்கலைன்னா போட்டவர் தலையில."

"ஏத்துக்கிறதுன்னா என்ன செய்யணும்?"

"மணிக்கு அடியில எழுதணும். அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன், என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்னு." அவர் சுவர்ப் படத்தின் பக்கம் திரும்பவில்லை. "எழுதினா அழியாது. அந்தப் பொண்ணு அப்படிக் கட்டி வச்சிருக்கு."

"ஆமா சார். நல்லாக் கட்டியிருக்கு."

தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. "நீ போம்மா" என்றார். கோபமா, வேறெதுவுமா என்று இருளாயிக்குப் பிடிபடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை அவள் வில்லையைப் பறித்தார்கள். ஒரு மாதம் சம்பளம் இல்லை. ஆணியையும் பிடுங்கிவிட்டார்கள். "உன்னால இப்ப கையுறையக் கழட்டிக் கழட்டியே செத்துருவோம் போல" என்று ஆட்கள் வைதார்கள். வைதுகொண்டே ஆளுக்கு ரெண்டு படி அரிசி கொண்டுவந்து போட்டார்கள்.

சம்பள நாளன்று பிலோமினாள் கண்டமேனிக்கு ஓடி வந்தாள், கையில் இரண்டு தாள்.

"எக்கா, சீட்டுல எதோ தப்பு. நாலாயிரம் புடிக்கவே இல்ல. மேல கூட எதோ போட்டிருக்கான். நாளைக்கு வந்து திருடிட்டேன்னு சொல்லுவானுங்க. இதைப் படி, சுருக்கா!"

முதல் தாளில் ஒரு மணி அச்சாகியிருந்தது. அரக்கு நிறம். அதன் அடியில் புதிதாக நாலு வரி. இருளாயி படிக்கத் தொடங்கினாள். ஒற்றெழுத்துகளில் இம்முறை அவள் வேறு காரணத்துக்காக நின்று நின்று போனாள்.

"'அந்த நேரத்தில் நான் இரண்டாம் கூடத்தில் நினைவில்லாமல் கிடந்தேன். நான் யாரையும் தூக்கி வரவில்லை. என்னையும் இருளாயியையும் தூக்கி வந்தவர் சவரிமுத்து. அவர் செய்த மாற்றம் சரி, அதை ஏற்கிறேன். கோ. கோதண்டபாணி.'"

"இன்னொரு தாளு?"

இருளாயி புரட்டினாள். சவரிமுத்து கணக்கு. நாலு லட்சத்து ஐயாயிரத்து இருநூற்றுப் பத்துக்கு நேரே ஒரே சொல். "தள்ளுபடி" என்று படித்தாள். "பாக்கி ஒண்ணுமில்ல பிலோமி. இதுவரைக்கும் புடிச்ச முப்பத்திரண்டாயிரமும் திரும்ப வந்திருக்கு. அவர் சாவுப் பணமும் வரும்னு போட்டிருக்கு."

பிலோமினாள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது; மணி மட்டும் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"சாரையா தூக்குனாரு?" என்றாள். "அந்தத் தடிமன் ஆளையா? முதுகு வலிக்குதுன்னு எங்க வீட்டுத் தண்ணிக் கொடத்தை ஒருநா தூக்கினதில்லக்கா அவரு!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள்.